மீன் முதலில், சோறு பிறகு

“ஆபரேஷன் விஷயம் சம்பந்தி வீட்டார் காதுக்குப் போகவே கூடாது. வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்ட குடும்பம்னு சிரிப்பாங்க. கல்யாணமே நின்னு போகும்!” என்று விறைப்பாக எச்சரித்தார் பெரியவர்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எடை குறைய வயித்தைச் சின்னதாக்கியாச்சு. புரதம்தான் முதல்ல உள்ளே போகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரே. தட்டே காட்டிக் கொடுத்துடுமே?” என்றாள் மனைவி.

“அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்.”

விருந்து தொடங்கியது. மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மகள் சோற்றை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போன பார்வை பெரியவரின் தட்டில் நின்றது.

“என்ன சம்பந்தி, சோத்தை ஓரங்கட்டிட்டு மீனையும் முட்டையையுமே மென்னுக்கிட்டு இருக்கீங்க? வயித்துல ஆபரேஷனா?”

பெரியவர் அவசரமாகச் சோற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் சிரித்தபடி தன் கணவரின் தட்டை நடுவுக்கு நகர்த்தினாள். அதிலும் மீன் காலி. சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.

“இவரும் அப்படித்தான். வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்னு வழியெல்லாம் என் வாயை அடைச்சுக்கிட்டே வந்தார்.”

பெரியவரின் விறைத்த முதுகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தது.

“சம்பந்தி, முட்டை சலிச்சுப் போனா நீங்க என்ன சாப்பிடுறீங்க?”