மூட்டத்துக்குப் போகாத கரி

மேய்ச்சல் காட்டில் மூன்றாவது வருஷமும் மழை பொய்த்தது. கொழுக்கட்டைப் புல் சருகாகக் கிடந்தது.

"காத்துல இருக்கிற கரியை மண்ணுக்குள்ள சேர்க்கிற நிலத்துக்குத்தான் இனி மதிப்பு" என்று மண்ணைச் சோதிக்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட சீமைக்கருவேல மரத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"என்னை வெட்டி மூட்டம் போட்டு எரிச்சா பத்து மூட்டை கரி தேறும். உன்கிட்ட என்ன இருக்கு?" என்று புல்லைக் கேட்டது.

"வேர்ல கொஞ்சம் வெச்சிருக்கேன்" என்றது புல்.

அந்த வாரமே மரத்தைத் தோண்டி எடுத்து மூட்டம் போட்டார்கள். கரி லாரியேறிப் போனது. புகை வானத்துக்குப் போனது.

ஐப்பசியில் ஒரே ஒரு மழை பெய்தது. புல் துளிர்த்தது. எலும்பும் தோலுமாக வந்த சினையாடு ஒன்று அதை அடியோடு கடிக்கப் போனது.

"மேல இருக்கிறது உனக்கு, தாயி. அடியில இருக்கிறது உன் குட்டிக்கு" என்றது புல்.

ஆடு நுனியை மட்டும் தின்றுவிட்டு அடுத்த புல் தூருக்கு நகர்ந்தது.