தகரக் கொட்டகையில் பாடியவள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து ஒக்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதையில்ல இது. அந்த ஆளு காதுல விழுந்துட்டா எனக்குத்தான் வம்பு.

போடியில ஏலக்காய் யாவாரி பால்சாமின்னு ஒருத்தர். யாரையும் நம்பத் தெரியாத மனுசன். காய் எம்புட்டுப் பச்சையா வந்தாலும் ஈரத்துணியில வச்சுத் தேச்சுப் பாப்பாரு. சாயம் ஏத்துன காயா இருந்தா துணி காட்டிக் கொடுத்துரும். பந்தியில பாயசத்துல கெடக்குற காயக்கூடத் தேச்சுப் பாப்பாருன்னு ஊருக்குள்ள ஒரு கேலி.

அன்னிக்குக் கடைக்கு வந்த கூட்டாளி சீனிச்சாமி, சும்மா போகாம ஒண்ணக் கொளுத்திப் போட்டாரு.

"அண்ணே, போனுல ஒரு பொம்பள பாட்டு ஓடுது. பழைய படத்துப் பாட்ட எவளோ திருப்பிப் பாடியிருக்கா. மொகத்தக் காட்டல. ஒங்க வீட்டுப் பொம்பளன்னு பேச்சு."

பால்சாமிக்குச் சுருக்குன்னுச்சு.

வீட்டுல பொம்பளைக ரெண்டே பேரு. சம்சாரம் வேலுத்தாய், தானுண்டு அடுப்படியுண்டுன்னு கெடக்குறவ. இன்னொருத்தி மருமக முத்துப்பிரியா. காலேசு படிச்சவ, கையில எந்நேரமும் போனு. யாருன்னு தனியாச் சொல்லணுமா?

சீனிச்சாமியச் சாட்சிக்கு இழுத்துக்கிட்டு வெரசா வீட்டுக்கு வந்தாரு.

"ஏம்மா, வாரந்தவறாம ஒங்க அத்தையத் தொணைக்குக் கூட்டிக்கிட்டு குரங்கணி மலையில நம்ம தோட்டத்துக்குப் போறியே, அங்க என்ன சோலி?"

"காய் எடுப்பு நடக்குதுல்ல மாமா."

"காய் எடுக்கப் போறியா, பாட்டு எடுக்கப் போறியா? எங்க வீட்டுப் பொம்பளைக பாடி ஊரு கேட்டதில்ல. நீ பாடுனது நெசம்னா இன்னிக்கே பொட்டியக் கட்டு. கம்பம் பஸ்சுல ஏத்தி ஒங்கப்பாகிட்டக் கொண்டுபோய் விட்டுருவேன்."

மருமக அசரல. "நான் பாடலையே மாமா."

"பாடிக் காட்டு. அதே பாட்டு."

முத்துப்பிரியா தொண்டையச் செருமிக்கிட்டு ஒரு வரி எடுத்தா. வாசல்ல படுத்திருந்த நாய் எந்திரிச்சுத் தெருவப் பாக்கப் போயிருச்சு.

"போதும் தாயி போதும்"னு சீனிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டாரு.

"வேணும்னே கெடுத்துப் பாடுறா, சீனி."

"எங்க கல்யாணத்துல என்னப் பாடச் சொன்னாகளே மாமா, மறந்துட்டீகளா?"

மறக்குற பாட்டா அது! பால்சாமிக்குப் பாதிச் சந்தேகம் போயிருச்சு. மீதிப் பாதி உறுத்துச்சு.

"அப்ப எவ இவ?"

"கையில எடுத்ததுமே எந்தத் தோட்டத்துக் காய்னு சொல்றவுக நீங்க. ஒரிஜினலயும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்க. ஆளு யாருன்னு நீங்களே சொல்லுங்க."

புருசன் வர்ற பாதையப் பாத்து ஒருத்தி பாடுற பாட்டு அது. மொதல்ல ஒரிஜினல் ஓடுச்சு. பெறகு மத்தது. பால்சாமி கண்ண மூடிக்கிட்டாரு.

வேலுத்தாய் காப்பி கொண்டாந்தா. தம்ளரு ஆடி, காப்பி தரையில சிந்திருச்சு.

"கையில வெரல் இருக்கா இல்லையா? பாத்து வையி"னு கண்ணத் தொறக்காமலே பால்சாமி ஒரு அதட்டுப் போட்டாரு. அவ அடுப்படிக்குப் போயிட்டா.

பாட்டு முடிஞ்சும் அவரு கண்ணத் தொறக்கல. "இன்னொருக்கா போடு"ன்னாரு. பெறகுதான் வாயத் தொறந்தாரு.

"கொமரி இல்ல, வயசானவ. மேளமில்ல, வயலின் இல்ல. பின்னால கேக்குறது மழை, தகரத்துல விழுகுது. மலைக் கொட்டகை. நம்ம தோட்டத்துக்கு வர்றவதான?"

"நம்ம தோட்டத்துக்கு வர்றவுகதான் மாமா."

"பாத்தியா சீனி! எங்கிட்டயா?" மீசையத் தடவிக்கிட்டாரு.

"எது ஒசத்தின்னு சொல்லலையே?" மருமக விடல.

"ஒரிஜினல்ல அவ அழகாப் பாடுறா. ஆனா புருசன் வந்துருவான்னு அவளுக்குத் தெரியும். இவளுக்குத் தெரியாதும்மா. வருவானா மாட்டானான்னு நாமளும் சேந்து பாதையப் பாக்குறோம்." போனத் தொட்டுக் காட்டுனாரு. "ஒரிஜினல் தோத்துச்சு. மாரியம்மன் திருவிழா மேடையில மொதப் பாட்டு இவதான். கமிட்டியில நான் சொல்றேன்."

"அவுக வீட்டுக்காரர் விடமாட்டாரு மாமா. கல்யாணமான புதுசுலயே, பாட்டுகீட்டுன்னு வாயத் தொறந்தா அம்புட்டுத்தான்னு சொல்லிட்டாராம். அதான் மொகத்தக் காட்டாமப் பாடுறாக."

பால்சாமிக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"எவன் அவன்? இப்பேர்ப்பட்ட கொரலப் பூட்டி வச்சிருக்கானே, அவனுக்குக் காது இருக்கா, இல்ல ஏலக்காய்த் தொலியா? மனுசனா அவன்? நான் பேசுறேன் அவன்கிட்ட!"

"பேச்சு மாற மாட்டீகளே மாமா?"

"பால்சாமி சொன்னாச் சொன்னதுதான். சீனி, நீ சாட்சி."

முத்துப்பிரியா அடுப்படிப் பக்கம் திரும்பிக் கொரல் கொடுத்தா.

"அத்தே, கையத் தொடச்சுட்டு வெரசா வாங்க. ஒங்க வீட்டுக்காரர்கிட்ட மாமாவே பேசுறாகளாம்!"