கொசுவலைக் குஞ்சுகள்

ஐடா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தண்ணீருக்குள் கட்டியிருந்த கொசுவலைப் பையில் எதுவும் அசையவில்லை.

கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

விரல் நகத்தளவு கட்லா மீன்குஞ்சுகள். அவள் கணவர் கிளாரன்ஸ் அவற்றை முதலில் பிளாஸ்டிக் டப்பில் விட்டிருந்தார். தினமும் டப்பிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக் கொட்டிவிட்டு, அதற்குப் பதில் ஒரு செம்பு போர்வெல் தண்ணீரை ஊற்றினார். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் அவர்கள் வீட்டு போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படலம் படியும். சிறுகச் சிறுகப் பழக்கினால் குஞ்சுகள் அதைத் தாங்கிக்கொள்ளும் என்று மீன் வளர்ப்புப் பயிற்சியில் சொன்னார்களாம்.

நேற்றுக் காலை சில குஞ்சுகளை மட்டும் வலைப்பையில் போட்டு, போர் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் இறக்கினார். இவை பிழைத்தால் மீதியையும் விடுவார். நாளை கடைசியாகப் பெங்களூர் ரயிலேறி, அங்கே பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வந்து மீன் வளர்ப்பிலேயே இறங்குவார்.

செத்தால் எல்லாம் பழையபடி. விடியுமுன் ரயில், மாதம் பிறந்தால் சம்பளம்.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். மறுநாள் ஷிப்ட் சங்கு ஊதவில்லை. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிறகு பல வருடங்கள் அந்தக் கட்டிலில்தான். பகலில் ஓர் ஆண் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் அவளுக்கு அந்தக் கட்டில்தான் கண்ணில் நிற்கும்.

பக்கத்து வீட்டு வினோலியா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஐடா, மீனுக்கு ஜெபம் பண்றியா? கொழம்பு வெச்சா எனக்கும் ஒரு கிண்ணம் குடு."

ஐடா சிரிக்க முயன்றாள். விரலால் வலையைத் தட்டினாள்.

ஒன்று புரண்டது. மூலையில் ஒண்டியிருந்தவை எல்லாம் ஒரே வீச்சில் சிதறி ஓடின.

அவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

கிளாரன்ஸ் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார். குனிந்து எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை. காரத்தன்மை பார்க்கும் சோதனைக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்தார். காகிதம் நீலமாக மாறியது. நேற்று இதே தண்ணீர் பச்சை காட்டியிருந்தது. அவர் புருவம் சுருங்கியது.

ஐடா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தவிட காரம் ஏறிக் கீது," என்றார். பிறகு மெல்ல முகம் மலர்ந்தது. "இதுலயே உசுரோட கீதுன்னா, இனிமே இன்னா பயம், சொல்லு?"

மீதிக் குஞ்சுகளைக் கொண்டுவர, விசிலடித்துக்கொண்டே உள்ளே போனார்.

ஐடா வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். நேற்று மாலை அவர் ஆண்டர்சன்பேட்டைக்குப் போயிருந்த நேரத்தில், அந்தத் தொட்டியில் ஒரு பாக்கெட் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றிய கை. விரலிடுக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.