வேன் ஏறாத பயணி

“அம்மா, ஒரு பூ வயலுக்குப் பத்து நிமிஷம்தான். மத்த ஏழு பேரும் வேன்ல ஏறியாச்சு, வாங்க!” கெஞ்சினான் வசந்தகால டூரின் கைடு.

“நான் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணும்,” என்றார் அந்த அம்மா.

“ஒரு போட்டோகூட எடுக்கல. கால் வலிக்கப் போகுது, இந்த ஸ்டூல்லயாவது உக்காருங்க.”

“ஸ்டூலை நீயே வச்சுக்கப்பா. நான் நிக்கத்தான் வந்தேன்.”

வேனின் ஹாரன் அலறியது. வேறு வழியில்லாமல் வயலின் சூப்பர்வைசரை அழைத்து வந்தான் கைடு. அந்த அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் கடுகடுத்தது.

“நீயா? உனக்கு இங்க என்ன வேலை?”

“‘நீங்க’ன்னு சொல்லுங்க சார். டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கேன்.”

கைடு திருதிருவென விழித்தான். “இவரைத் தெரியுமாம்மா?”

“தெரியாம என்ன? பதினெட்டு வருஷம் இவர்கிட்டதான் இங்க களை எடுத்தேன். குனிஞ்ச தலை நிமிர்ந்தா அரைநாள் கூலியைப் பிடிச்சிடுவார். செடியோட அடித்தூரைத்தான் பார்த்திருக்கேன். பூ இவ்வளவு தூரம் பூத்திருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

ஹாரன் மறுபடியும் அலறியது. அந்த அம்மா முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

“சார், அப்படித் தள்ளி நில்லுங்க. பூவை மறைக்கிறீங்க.”