நான்கு ஆண்டெனாப் பெட்டி

மனித குலத்தின் வரலாறு இன்று மாலை நான்கு மணிக்கு, ஒரு பழைய மழைநீர்ச் சுரங்கத்தின் வாசலில், இரண்டாகப் பிரிகிறது: இந்தப் பெட்டிக்கு முன், இந்தப் பெட்டிக்குப் பின். அப்படித்தான் நிறுவனத்தின் இயக்குநர் மைக்கைப் பிடித்து முழங்கிக்கொண்டிருக்கிறார். செல்போன் கோபுரமே வேண்டாமாம், சோதனைக்காக உள்ளே போயிருக்கும் ஐந்து பேரின் வயர்லெஸ் பெட்டிகளே ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் குரலை வெளியே கடத்திவிடுமாம். மழை வலுக்கிறது. வாசலில் இருக்கும் பெட்டியின் முன் மண்டியிட்டிருக்கிறாள் பொறியாளர் ஒருத்தி. உள்ளே போனவர்களில் ஒருவன் அவள் கணவன். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். "நாலு ஆண்டெனாவையும் யாரு சார் ஒண்ணா சேத்துக் கட்டினது? தள்ளித் தள்ளி நின்னாத்தானே ஒண்ணு விட்டத இன்னொண்ணு பிடிக்கும்!" "போட்டோவுக்கு லட்சணமா இருக்கட்டுமேன்னு நான்தாம்மா ரிப்பன் போட்டுக் கட்டினேன்" என்கிறார் இயக்குநர். ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்து, ஆண்டெனாக்களை விரிக்கிறாள். இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அவன் குரல் வருகிறது: "வந்த வழி மூழ்கிடுச்சு. தண்ணி நெஞ்சு வரைக்கும் ஏறிடுச்சு. முன்னால ரெண்டு பாதை இருக்கு, எந்தப் பக்கம் போகட்டும்? சீக்கிரம் சொல்லுடி." இயக்குநர் கை தட்டுகிறார். "பாத்தீங்களா, என்ன தெளிவு!" அவள் அவரை நோக்கிக் கையை நீட்டுகிறாள். "வரைபடத்தக் குடுங்க சார்." கைதட்டல் நிற்கிறது. சுரங்கத்தின் வரைபடத்தை யாரும் கொண்டுவரவில்லை.