இருபது வருஷ அனுபவம்

“இருபது வருஷ பைக் அனுபவத்துல சொல்றேன், கேட்டுக்கோ,” என்றார் அப்பா.

இன்று முதல் பைக்கில் பள்ளிக்குப் போகப்போகும் பதினாலு வயது மகள், ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள்.

“வளைவுல எதிர்ப்பக்கம் சாயாதே. பிரேக் போட்டா முதுகுல முட்டாதே. சிக்னல்ல காலைக் கீழே ஊனாதே.”

“பயமா இருந்தா?”

“கண்ணை மூடிக்கோ. வாயையும்தான். ‘மெதுவா போ’ன்னு மட்டும் சொல்லவே கூடாது.”

“சொன்னா?”

“நடுரோட்டுல இறக்கி விட்டுட்டு உங்கம்மா அவ பாட்டுக்குப் போயிடுவா. எனக்கு மூணு தடவை ஆயிருக்கு.”

சாவியோடு வந்த அம்மா பைக்கை உதைத்துக் கிளப்பினாள். மகள் பின்னால் தொற்றிக்கொண்டாள்.

பறிபோன தன் பின்சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆபீஸ் பையோடு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார் அப்பா.