தக்காளிக் காட்டில் இறங்கிய ஹெலிகாப்டர்

ராயக்கோட்டைக்குத் தெற்கே, மாதப்பனின் தக்காளிக் காட்டு வரப்பில் விமானி மல்லாந்து கிடக்கிறான். புதிதாகச் செய்த போர் விமானத்தை ஓட்டிப் பார்க்க வந்தவன். அனுப்பியவர்கள் எங்கேயோ நிழலில் இருப்பார்கள். விமானம் மலைக்கு அந்தப் பக்கம் விழுந்து எரிகிறது. புகை கறுப்பாக எழுகிறது. இவன் பாராசூட்டில் வந்து பாறையில் மோதியிருக்கிறான். தலைக்கு மேல் ஏர்போர்ஸ் ஹெலிகாப்டர் வட்டமிடுகிறது. எங்கு பார்த்தாலும் குச்சி நட்டுக் கயிறு கட்டிய செடிகள், இறங்க இடமில்லை. நாளைக்குப் பறிக்க வேண்டிய பழம் கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்குகிறது. “உசுரு இழுத்துக்கினு கெடக்குது, நீ பழத்தப் பாத்துக்கினு நிக்கிற. குச்சியப் புடுங்குய்யா” என்கிறாள் மாதப்பனின் மனைவி பூவம்மாள், விமானியின் தலையை மடியில் தாங்கியபடி. “வெள்ளாமைக்கு எவன் பதில் சொல்லுவான்? ஆகாசத்துல சுத்துறானே, அவனா?” என்று புருஷன் உறுமுகிறார். உறுமிக்கொண்டே அரிவாளால் கயிற்றை அறுக்கிறார். பக்கத்துக் காட்டு ஆட்களும் இறங்குகிறார்கள். வரிசை வரிசையாகக் குச்சிகள் சாய்கின்றன. பழம் காலடியில் நசுங்குகிறது. செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஹெலிகாப்டர் இறங்குகிறது. ராணுவ டாக்டர் குனிந்து ஓடிவந்து, விமானியின் கழுத்தில் இரண்டு விரலை வைக்கிறார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு எழுந்து, ஹெலிகாப்டரைப் பார்த்து எஞ்சினை அணைத்துவிடச் சொல்லிக் கை காட்டுகிறார்.